எட்டு அங்குலம் என்று எழுதினேன்

பையை உருக்கிய அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

டொக்டர் இருந்தார். வெள்ளவத்தையிலிருந்து கடற்கரை ரயிலில் வந்து, கை கழுவி, தொப்பி போட்டு நின்றார். தாதி இருந்தார். சிங்களப் பெண், களனியில் வீடு. நோயாளி கட்டிலில் இருந்தார். கொம்பனித்தெருப் பெண், நாற்பது வயது. தலையில் மயிர் இல்லை, கட்டிய துணி மட்டும். அவருடைய கணவர் கண்ணாடிக்கு வெளியே நின்றார். உள்ளே விடவில்லை. ஆனாலும் இருந்தவர்தான். நான் இருந்தேன். வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தடித்த கையுறையோடு.

ஐந்து பேர். அதில் ஒருவர் சாகலாம் என்பது ஐந்து பேருக்கும் தெரியும். அப்படிச் செத்தால் அதற்குக் காரணம் நான் என்பதும் தெரியும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இதை எழுதச் சொன்னவர் டொக்டர். அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தான் செய்த ஸ்டெம் செல் வேலையையெல்லாம் மற்ற டொக்டர்மாருக்காக எழுதிவைக்கிறார்.

"தொட்டியின்ர கதை எனக்குத் தெரியாது, அண்ணை. அதை நீங்கள்தான் எழுதவேணும்" என்றார்.

தெரியாது என்றது மரியாதைக்கு. அவருக்கு எல்லாம் தெரியும்.

எங்கள் ஆட்கள் துறைமுக வேலைக்கு வந்து கொட்டாஞ்சேனையில் தங்கியவர்கள். நான் பேலியகொடை மீன் சந்தையில் ஐஸ் தூக்கினேன். முதுகு விட்டுப்போனதும் ஒரு மருத்துவமனையில் சிற்றூழியர் வேலை கிடைத்தது. கூட்டுவது, தள்ளுவது, கொண்டுபோய்க் கொடுப்பது.

ஒரு நாள் துணி அடுக்கும் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். இங்கிலாந்திலிருந்து ஒரு டொக்டர் அம்மா வந்திருக்கிறார், அவருக்கு வேண்டுமாம். அறையில் ஜன்னல் ஒன்று. குளிரூட்டி ஒன்று, அதுவும் சொட்டும். இவ்வளவுதானா என்று அவர் கேட்கவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முந்தி என்ன வேலை செய்தனீங்கள்?"

"ஐஸ் வேலைங்க. மீன் சந்தையில."

"ஐஸைப் பற்றி என்ன தெரியும்?"

"மூடி வச்சா நிக்கும். தெறந்தா போயிடும்."

அவர் சிரித்தார். "இஞ்சையும் அதுதான் வேலை" என்றார்.

அந்த அறைக்குத் தொட்டி வந்தது. இடுப்பு உயர அலுமினியப் பானை, கழுத்து ஒடுங்கியது. உள்ளே திரவ நைட்ரஜன். தண்ணீர் மாதிரி இருக்கும். விரலை விட்டால் விரல் போய்விடும். அதற்குக் கரண்ட் வேண்டாம். ஆனால் அது தானாகக் குறையும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஆவியாகும். வாரத்துக்கு ஒருமுறை லொறி வந்து நிரப்பும்.

என் வேலை ஒரு குச்சி. அடியில் முட்டும்வரை விட்டு, பத்து எண்ணி, வெளியே எடுத்து, காற்றில் ஆட்ட வேண்டும். நைட்ரஜன் நின்ற உயரத்துக்கு வெள்ளையாகப் பனி பிடிக்கும். அது எத்தனை அங்குலம் என்று கொப்பியில் எழுத வேண்டும். தினமும் காலை. நான் எழுதுவதைப் பார்த்துத்தான் டொக்டர் மற்றதெல்லாம் முடிவெடுப்பார்.

செய்யும் வைத்தியம் என்ன என்பதை அவர் எனக்கு ஒரே தடவையில் சொன்னார். சில புற்றுநோய்க்குச் சாதாரண மருந்து போதாது. பெரிய மருந்து வேண்டும். அந்தப் பெரிய மருந்து நோயோடு சேர்த்து எலும்புக்குள் இரத்தம் ஊறும் இடத்தையும் அழித்துவிடும். இரத்தம் ஊறாவிட்டால் ஆள் இல்லை. அதனால் முதலிலேயே நோயாளியின் இரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்து, பையில் போட்டு உறைய வைப்பார்கள். பெரிய மருந்து முடிந்ததும் பையை உருக்கித் திரும்ப ஏற்றுவார்கள். அது எலும்பைத் தேடிப்போய்க் குடியேறி இரத்தம் ஊறச் செய்யும்.

ஸ்டெம் செல் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மனதுக்குள் விதை என்று வைத்துக்கொண்டேன்.

கொழும்பில் இதைச் செய்யவே முடியாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். டொக்டர் அவர்களோடு கதைத்துக்கொண்டிருக்கவில்லை. சின்னக் குப்பிகளில் விதையை உறைய வைப்பார். ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எடுத்து உருக்குவார். நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்து எண்ணுவார். கையில் ஒரு எண்ணும் கருவி. டிக், டிக் என்று கேட்கும். நான் தரை துடைத்துக்கொண்டே கேட்பேன்.

ஒருமுறை என்னையும் பார்க்க விட்டார்.

"மினுங்கிறது உயிரோட இருக்குது. நீலமானது செத்தது."

"செத்ததையும் எண்ணுறீங்களே, டொக்டர்."

"அதை எண்ணாட்டி மற்றது பொய்."

முதல் நோயாளி கொட்டாஞ்சேனைக்காரர். பஸ் சாரதி, எனக்கு முகம் தெரிந்தவர். பை ஏற்றிப் பதினான்காம் நாள் செத்துப்போனார். விதை பிடிக்கவில்லை. டொக்டர் செத்த வீட்டுக்கு வந்தார். நான்தான் வழி காட்டினேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அந்த மனிதரின் மனைவிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். அரை மணித்தியாலம் இருந்துவிட்டு எழுந்தார்.

பிறகு வெளிநாட்டுக் கூட்டமொன்றில் தன் வேலையைப் பற்றிப் பேசப் போனார். அந்தச் சாரதியைத்தான் முதலில் சொன்னாராம். தாதி எனக்குச் சொன்னார்.

அதற்குப் பிறகு பலர் வந்தார்கள். பலர் நடந்து வீட்டுக்குப் போனார்கள். குப்பிகள் தொட்டியில் கூடிக்கொண்டே போயின. நோயாளியின் பை மேல் தட்டில். டொக்டரின் குப்பிகள் அடித்தட்டில், எப்போதும் நைட்ரஜனுக்குள். பதினொரு வருடத்துக் குப்பிகள்.

பெற்றோல் இல்லாத வருடம் வந்தது. அதைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் வரிசையில் நின்றவர்கள்தான். மின்வெட்டு. கேஸ் இல்லை. பால்மா இல்லை. எங்கே போய்க் கேட்டாலும் ஒரே பதில், நாளைக்கு வரும்.

நைட்ரஜன் லொறியும் வாரம் தவறி வந்தது. டொக்டர் அப்போது ஒரு சட்டம் போட்டார். லொறியை நம்பிப் பெரிய மருந்தைத் தொடங்கக் கூடாது. மருந்து ஆறு நாள், ஏழாம் நாள் பை. அந்த ஏழாம் நாள்வரை தாங்கும் அளவு தொட்டியில் இருந்தால் மட்டும் தொடங்குவது. குளிரூட்டி ஓடாத சூட்டில் ஒரு நாளைக்கு முக்கால் அங்குலம் குறைந்தது. மூன்றுக்குக் கீழே போனால் மேல் தட்டு சூடு பிடிக்கும். கணக்குப் பார்த்து, எட்டு அங்குலம் வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினார்.

கொம்பனித்தெருப் பெண் எட்டு மாதம் காத்திருந்தவர். பலகாரம் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். கணவர் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு உறை தைப்பவர். கழுத்துக் கட்டிகள் மருந்தில் சுருங்கியிருந்தன. காத்திருந்தால் திரும்ப வளரும். ஆறு நாள் மருந்து ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் ஸ்டோரில் இருந்தது. அதைப் பாவிக்கும் தவணையும் முடியப் போகிறது.

அவர் ஒருமுறை தொட்டி அறை வாசலில் நின்று கேட்டார்.

"அண்ணன், அந்தப் பானைக்குள்ளயா என்ட உயிர் ஈக்கி?"

"ஆமாங்க."

"நல்லா மூடி வைங்கோ. பூனை கீனை வந்துடும்."

தொடங்க வேண்டிய காலை குச்சியை விட்டேன். பத்து எண்ணினேன். எடுத்து ஆட்டினேன். ஆறு.

திரும்பவும் விட்டேன். ஆறுதான்.

லொறிக்காரருக்குப் போன் எடுத்தேன். "நாளைக்குக் கட்டாயம் வரும்" என்றார். டொக்டர் வந்தார். கோல் ரோட்டில் பாதி தூரம் நடந்து வந்ததில் சேலைக்கரை முழுக்கப் புழுதி. அவருக்குப் பின்னால் கணவர், கையில் மனைவியின் உடுப்புப் பை. என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு நிக்குது, அண்ணை?"

"எட்டு, டொக்டர்."

கொப்பியிலும் எட்டு என்று எழுதினேன். அன்றே மருந்தைத் தொடங்கினார்கள்.

இரக்கம் என்று சொல்லமாட்டேன். நாளைக்கு வரும் என்று சொல்லியும் கேட்டும் பழகிய வாய். பெரியவர் முன்னால் கெட்ட செய்தி சொல்லிப் பழகாத வாய். இரண்டும் சேர்ந்து எட்டு என்றது.

சொன்ன நாளைக்கு லொறி வரவில்லை. தாதி எட்டிப் பார்த்து, "அய்யே, லொறிய ஆவத?" என்றார். லொறி வந்ததா என்று. இல்லை என்று தலையாட்டினேன். கொப்பியில் ஏழேகால் என்று எழுதினேன். குச்சியில் ஐந்தேகால். மறுநாளும் வரவில்லை. ஆறரை என்று எழுதினேன். குச்சியில் நாலரை. ஒரு பொய் எழுதினால் அடுத்ததைக் கணக்குப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.

நான்காம் நாள் காலை டொக்டர் அறையில் தனியாக இருந்தார். போய் நின்றேன்.

"டொக்டர், அன்னைக்கு எட்டு இல்ல. ஆறு. நான் பொய் சொன்னேன்."

அவர் பேனையை மூடி வைத்தார்.

"இப்ப எவ்வளவு?"

"மூணே முக்கால்."

விரல் விட்டு எண்ணினார். "மூண்டு நாள் மருந்து போயிட்டுது. இனித் திரும்பேலாது" என்றார். பிறகு, "ஆறு எண்டு சொல்லியிருந்தால் முதல்ல நைட்ரஜன் தேடியிருப்பன். பிறகு மருந்து. அவ்வளவுதானே அண்ணை, இரண்டு நாள் வேலை."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். நான் பொய்யை அழிக்கப் போனேன். கையைப் பிடித்தார்.

"அழிக்காதேங்கோ. ஒரு கோடு போடுங்கோ, கீழ இருக்கிறது வாசிக்கத் தெரியவேணும். பக்கத்தில சரியானதை எழுதிக் கையெழுத்து வையுங்கோ."

மூன்று கோடு போட்டேன். மூன்று கையெழுத்து வைத்தேன்.

கணவரைக் கூப்பிட்டு டொக்டரே சொன்னார். "அளவு பிழையா எழுதப்பட்டிருக்கு. இது என்ர பிரிவு, பொறுப்பு என்ர."

"அவங்க இல்ல. நான்தான்" என்றேன்.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"நாளைக்கு வரும் எண்டத்த நம்பின நீங்க மட்டுமா? நானும் கேஸ் லைன்ல மூணு நாள் நிண்ட" என்றார். பிறகு, "இப்ப என்னத்த செய்யோணும், அதச் சொல்லுங்கோ."

டொக்டர் பம்பலப்பிட்டியில் தோல் வைத்தியம் செய்யும் நண்பருக்குப் போன் எடுத்தார். மரு எரிக்க நைட்ரஜன் வைத்திருப்பார்கள். அங்கும் குடுவை காய்ந்துவிட்டது. அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. நமக்கு ஊற்றிவிட்டு லொறி அடுத்ததாகக் கம்பஹாப் பக்கம் ஒரு மாட்டு அலுவலகத்துக்குப் போகும். பசுக்களைச் சினைப்படுத்தும் விதையை அங்கே இதே மாதிரிப் பானையில்தான் வைத்திருப்பார்கள். லொறிக்காரர் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மறுநாள் ரயிலில் போனேன். கடிதம் இல்லாமல் தரமாட்டோம் என்றார்கள். திரும்பி வந்தேன். அன்று காலை தொட்டியில் மூன்று இருந்தது.

நான் வந்து சேர்ந்தபோது டொக்டர் தொட்டியைத் திறந்து வைத்திருந்தார். முகத்தில் கண்ணாடி மறைப்பு, கையில் கையுறை. தட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் இரண்டு பைகளை அடித்தட்டுக்கு இறக்கினார். தன் குப்பிகளை மேல் தட்டில் வைத்தார். சூடு பிடிக்கப் போகிற தட்டில்.

"டொக்டர், அது பதினொரு வருசம்."

"ஓம்" என்றார். "மூடியைத் தாங்கோ."

ஆறாம் நாள் கடிதத்தோடு போனேன். குச்சியில் இரண்டேகால் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். மாட்டு அலுவலகத்தில் இருந்தவர் வயதான சிங்களவர். கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். ஒரு படிவத்தை நீட்டினார்.

"இதை நிரப்பு, மல்லி." மல்லி என்றால் தம்பி. எனக்கு அப்போது ஐம்பத்தாறு.

படிவத்தில் ஓரிடத்தில் எத்தனை பசு என்று கேட்டிருந்தது.

"சேர், இது மனுசிக்கு" என்று சிங்களத்தில் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும். மேலிடத்துக்குத் தெரியாது. காலியாக விட்டால் திருப்பி அனுப்புவான்."

ஒன்று என்று எழுதினேன். அவர் முத்திரை குத்தினார். இரண்டு கான் நிரப்பித் தந்தார். "பசு பிழைத்தால் வந்து சொல்" என்றார்.

நைட்ரஜன் கானை இறுக்கி மூடக் கூடாது, வெடிக்கும். மூடி சும்மா மேலே இருக்கும். ரயிலில் நிற்க இடமில்லை. ஜன்னல் ஓரம் இரண்டு காலுக்கும் இடையில் வைத்துக்கொண்டேன். வெள்ளைப் புகை கசிந்தது. அந்த வருடம் கான் வைத்திருந்தவனை யாரும் சும்மா பார்க்கமாட்டார்கள்.

"பெற்றோலா?" ஒருவர்.

"பெற்றோல் புகையுமா? மண்ணெண்ணெய்" இன்னொருவர்.

ஒரு இராணுவப் பையன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். மூடியைத் தூக்கிக் காட்டினேன். புகை அவன் பூட்ஸ் மேல் விழுந்து ஓடியது. பின்னால் நகர்ந்தான். வடைக் கூடையோடு இருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

"ஐஸ்பழக்காரரா? எனக்கு ஒண்டு தாங்க, வேர்த்து ஊத்துது."

"ஆஸ்பத்திரிக்குங்க. ஒரு அம்மாவுக்கு."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். வடைக்காரப் பெண் கூடையை மடியில் தூக்கிக்கொண்டு கானுக்கு இடம் விட்டார். மருதானையில் இறங்கியபோது அந்த இராணுவப் பையன் ஒரு கானைத் தூக்கித் தந்தான்.

இரண்டு கானும் ஊற்றியபின் குச்சியை விட்டேன். மூன்றே முக்கால். டொக்டர் பக்கத்தில் நின்று தன் கண்ணால் பார்த்தார். முன்பெல்லாம் அவர் பார்ப்பதில்லை.

மறுநாள் காலை குச்சியில் மூன்று. அன்றுதான் பையை உருக்கினோம். முதலில் சொன்ன ஐந்து பேர். பையை எடுத்து வெந்நீரில் இட்டேன். கல் மாதிரி இருந்தது இளகி, கலங்கிய சிவப்பாக வந்தது. டொக்டர் குழாயை இணைத்தார். அதில் கலக்கும் மருந்துக்கு ஒரு வாசம் உண்டு. அறை முழுக்க அவித்த சோளமும் வெள்ளைப்பூண்டும் சேர்ந்த மாதிரி.

"சோளம் அவிக்கிறீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். "எனக்கு ஒண்டும் எறங்காத நேரத்துல."

கண்ணாடிக்கு வெளியே கணவரின் வாய் அசைந்தது. ஓதிக்கொண்டிருந்தார். இரண்டு பையும் ஏறி முடிய அரை மணித்தியாலம். வெறும் பைகளை நான் எடுத்துப்போனேன்.

மறுநாள் லொறி வந்தது.

டொக்டர் தன் குப்பிகளில் ஒன்றை உருக்கிப் பார்த்தார். நீலச் சாயம் விட்டார். டிக், டிக் என்று கேட்டது. பிறகு நெடுநேரம் கேட்கவில்லை. நூறில் ஒன்பது மினுங்கின. அதையும் எழுதினார். காரணம் என்ற இடத்தில் நைட்ரஜன் குறைவு என்று எழுதினார். யாரால் என்று எழுதவில்லை. நான் கேட்டேன். "கொப்பியில உங்கட கையெழுத்து இருக்குத்தானே" என்றார்.

இனிச் செய்ய ஒன்றும் இல்லை. காத்திருக்க வேண்டும். தினமும் காலை அந்தப் பெண்ணின் இரத்தம் எடுத்த குழாயை ஆய்வுகூடத்துக்கு நான்தான் கொண்டுபோவேன். முடிவு எழுதிய துண்டும் நான்தான் கொண்டுவருவேன். கிருமியோடு சண்டை பிடிக்கும் வெள்ளைக் கலம் எத்தனை என்று அதில் இருக்கும். ஐந்நூறைத் தாண்டினால் விதை பிடித்துவிட்டது என்று அர்த்தம். கதவில் ஒட்டிய தாளில் தாதி எழுதுவார்.

சைபர். சைபர். சைபர்.

பை ஏற்றி ஏழாம் நாள் காய்ச்சல். நூற்று நான்கு. வாய் முழுக்கப் புண், பேச்சு நின்றது. டொக்டர் வெள்ளவத்தைக்குப் போகவில்லை. அறைக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். கணவர் பக்கத்துக் கதிரையில். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையிலிருந்து அந்த மனிதர் வாங்கினார். வாங்காமலும் விட்டிருக்கலாம்.

எட்டு, சைபர். ஒன்பது, சைபர். பத்து, சைபர்.

பஸ் சாரதியின் தாளிலும் அநேகமாகச் சைபர்தான். பதினான்காம் நாள்வரை.

பதினோராம் நாள் துண்டில் எண்பது என்று இருந்தது. ஆய்வுகூடப் பெண்ணிடம் பிழையா என்று கேட்டேன். "பிழையெண்டா நான் ஏன் எழுதுறன்?" என்றார். பன்னிரண்டாம் நாள் இருநூற்றுப் பத்து. சாரதிக்கும் ஒரு நாள் ஏறி இறங்கியது.

பதின்மூன்றாம் நாள் துண்டை வாங்கி மடிக்காமல் கொண்டுவந்தேன். படிக்கட்டில் பார்க்கவில்லை. டொக்டர் தொட்டி அறையில், என் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். துண்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீங்கள் வாசியுங்கோ, அண்ணை. உள்ளதை உள்ளபடி."

வாசித்தேன்.

ஐந்நூற்று நாற்பது.